எல்லையோரத்து வக்கீல்கள்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கும் குழித்துறை கோர்ட்டுக்கும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். ஒன்றுக்கு வடமேற்கே பஸ் ஏற வேண்டும், மற்றதற்குத் தென்கிழக்கே. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிவதற்கு முன்பு இரண்டும் ஒரே அரசின் கோர்ட்டுகள். அன்றைக்குப் பிறகு ஒன்றின் அப்பீல் எர்ணாகுளத்துக்கும் மற்றதன் அப்பீல் சென்னைக்கும் போகத் தொடங்கியது. தோட்டமும் வயலும் கல்யாண உறவும் பழையபடியே எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமுமாகக் கிடந்தன. நான் நெய்யாற்றின்கரை பாரில் சேர்ந்தது 1974-ல். அன்றுமுதல் இன்றுவரை என் தொழிலின் பெரும்பகுதி இந்தக் கோட்டின் மேலேயே நடந்திருக்கிறது.

திருவனந்தபுரம் சட்டக் கல்லூரியில் படித்தது எதுவும் முதல் இரண்டு வருஷம் எனக்கு உதவவில்லை. உதவியது என் சீனியரின் குமஸ்தா. ஆதாரத்தை, அதாவது நிலப் பத்திரத்தை, கையில் வாங்கினால் முதல் பக்கத்தைப் பார்க்காதே, கடைசியில் எல்லை எழுதியிருக்கும் இடத்தைப் பார் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். கிழக்கே இன்னார் விளை, தெற்கே தோடு, மேற்கே நடைவழி, வடக்கே இன்னாரின் ஒற்றிப் புரையிடம். சர்வே எண் தவறலாம், பரப்பளவு தவறலாம். பக்கத்து விளைக்காரனின் பெயரைத் தவறாக எழுத யாருக்கும் தைரியம் வராது. பழைய ஆதாரங்களில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆயிரத்து நூறு என்று பார்த்தால் 1924-25 என்று மனம் உடனே கணக்குப் போட வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து ஆதாரங்கள் தமிழில் வரும். விளவங்கோடு, நெய்யாற்றின்கரை பக்கத்தவை பெரும்பாலும் மலையாளத்தில். வீட்டில் தமிழ் பேசும் மனிதர் தம் நிலத்தின் பத்திரத்தைத் தாமே படிக்க முடியாமல் வக்கீலிடம் கொண்டுவருவது இங்கே அன்றாடக் காட்சி.

அவர்கள் கொண்டுவருவது ஒரு காகிதமாக இருக்காது. ஒரு துணிப்பையாக இருக்கும். அதற்குள் ஆதாரம், கரம் தீர்த்த ரசீது, அப்பன் காலத்து ஒற்றிச் சீட்டு, சர்ச்சில் கொடுத்த ஞானஸ்நானச் சான்று, வளைகுடாவிலிருந்து மகன் எழுதிய கடிதம், ரேஷன் கார்டு எல்லாம் கலந்து கிடக்கும். "சாறே, எனக்க காரியம் எல்லாம் இதுல இருக்கு" என்று மேஜைமேல் வைப்பார்கள். அந்தப் பையை முழுதாகப் பிரித்துப் பார்க்கும் பொறுமை உள்ள வக்கீலுக்குத்தான் இந்த ஊரில் பெயர் கிடைத்தது. இங்கே வக்கீல் அரசியலுக்குப் போன வழியும் அதுவே என்று நான் நினைக்கிறேன். ஒரு குடும்பத்தின் நிலமும் கடனும் சண்டையும் சம்பந்தமும் ஒருவருக்கு முழுதாகத் தெரியும் என்றால், அடுத்த தேர்தலில் அந்தக் குடும்பம் அவரைத்தான் பார்க்கும்.

இதற்கு எங்கள் பகுதியின் பெரிய உதாரணம் நேசமணி. நான் தொழிலுக்கு வந்தபோது அவர் மறைந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் குழித்துறையிலும் நாகர்கோவிலிலும் அவரோடு வழக்காடிய சீனியர்கள் உயிரோடு இருந்தார்கள்; மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு எப்படியும் அவரிடம் போய்ச் சேரும்.

விளவங்கோடு தாலுகாவின் பள்ளியாடியில் 1895-ல் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து 1921-ல் நாகர்கோவிலில் தொழில் தொடங்கினார். அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் உயர்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. குடிதண்ணீர்ப் பானையும் தனி. நேசமணி முக்காலியைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. இதைச் சொன்ன சீனியர்கள் ஒவ்வொருவரும் உதைத்த இடத்திலேயே கதையை முடிப்பார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. அதே அறையில், அதே ஆட்களோடு, அவர் இருபது வருஷத்துக்கு மேல் தொழில் செய்தார். கிரிமினல் வழக்குகளில் பெயரெடுத்தார். வக்கீல் சங்கத்துக்கே தலைவரானார். முக்காலியைத் தள்ள ஒரு நாள் கோபம் போதும். தள்ளியவரைப் பிறகு அந்தச் சங்கமே தலைவராக ஏற்க வேண்டுமென்றால் வழக்குக்கட்டைப் படித்துவந்து ஜெயிக்க வேண்டும், வருஷக்கணக்காக.

அவரிடம் வந்த கட்சிக்காரர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பனையேறிகள், சிறு குத்தகைக்காரர்கள், போலீஸ் பிடித்துப்போன இளைஞர்கள். 1859 வரை மேல்சேலை அணியும் உரிமைக்காகப் போராடிய சமூகத்தின் பேரப்பிள்ளைகள். தாலுகா கச்சேரியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் பெரும்பாலும் அவர்கள் மொழி பேசாத, அவர்கள் சாதியைச் சேராத அதிகாரிகள். அந்த அதிகாரிகளின் முன் எழுந்து நின்று, சட்டப் புத்தகத்தின் பெயரைச் சொல்லி, நீங்கள் செய்தது தவறு என்று இங்கிலீஷில் கேட்கக்கூடிய ஒருவரை அவர்கள் கோர்ட்டில்தான் முதன்முதலில் பார்த்தார்கள். 1943-ல் அவர் திருவிதாங்கூரின் சட்டசபையான ஸ்ரீமூலம் சபைக்குப் போனபோது அதே வேலையை வேறொரு கட்டடத்தில் செய்யப் போகிறார் என்றே மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

திருவிதாங்கூரில் இது நேசமணியோடு நிற்கும் கதை அல்ல. ஸ்டேட் காங்கிரஸின் மூன்று பெருந்தலைகளான பட்டம் தாணுப்பிள்ளை, டி.எம். வர்கீஸ், சி. கேசவன் மூவரும் வக்கீல்கள். பின்னால் வந்த எல்லைப் போராட்டத்தில் எதிரெதிரே நின்ற பட்டமும் நேசமணியும் ஒரே தொழிலில் பழகியவர்கள். மனு எழுதவும் சாட்சியைச் சேர்க்கவும் அப்பீலுக்குக் காத்திருக்கவும் இருவருக்கும் தெரியும்.

தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்ற இயக்கத்தை 1945-ல் நாகர்கோவிலில் தொடங்கியவர்கள் வேறு சிலர். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற பெயர் அடுத்த வருஷம் வந்தது. நேசமணி அதில் சேர்ந்தது 1947 செப்டம்பரில். அவர் வந்த பிறகு இயக்கத்துக்குக் கிராமங்கள் கிடைத்தன என்பார்கள் பழையவர்கள். கிராமங்கள் அவர் பையில் ஏற்கெனவே இருந்தன, இருபது வருஷத்து வழக்குக்கட்டுகளாக. 1948 தேர்தலில் அந்தக் கட்சிக்குப் பதினான்கு இடம். அந்தத் தேர்தலையொட்டி மாங்காட்டில் போலீஸ் சுட்டதில் தேவசகாயம், செல்லையன் என்ற இருவர் இறந்தார்கள். 1952-ல் நேசமணி நாகர்கோவிலிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். 1954-ல் திருவிதாங்கூர்–கொச்சி சட்டமன்றத்தில் கட்சிக்குப் பன்னிரண்டு இடம்.

அந்த வருஷம்தான் எல்லாம் முற்றியது. ஜூலையில் தேவிகுளம், பீர்மேடு தொழிலாளர்களுக்காகப் போன நேசமணி மூணாறில் தடையை மீறிக் கைதானார். ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாளாக அறிவித்தார்கள். அன்று மார்த்தாண்டம் தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு அது. சோஷலிஸ்ட் அரசு மக்களைச் சுடலாமா, பதவி விலகுங்கள் என்று அதே கட்சியைச் சேர்ந்த லோகியா கேட்டது இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. எங்கள் சீனியர்கள் பேசியது வேறு. துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் முதல் மாதக்கணக்கில் கோர்ட்டில் நடந்ததைச் சொல்வார்கள். சூட்டில் இறந்தவர்களை ஊர் நினைவில் வைத்துக்கொண்டது. பிடிபட்டவர்கள், தலைமறைவானவர்கள், அடிபட்டு லாக்கப்பில் கிடந்தவர்கள், அவர்களுக்கு ஜாமீன் நிற்கப் பயந்த உறவினர்கள், இந்த வேலை முழுவதும் வக்கீல்கள் தலையில் விழுந்தது. எந்தப் பீஸும் இல்லாமல் தினமும் ஜாமீன் மனு எழுதிய ஜூனியர்களின் பெயர் எந்தத் தியாகிப் பட்டியலிலும் இல்லை. ஒரு போராட்டத்தின் பாதி உயிர் அங்கேதான் இருந்தது என்பதை என் சீனியர் திரும்பத் திரும்பச் சொல்வார்.

பிறகு வந்தது மாநில மறுசீரமைப்புக் கமிஷன். பசல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் அதன் உறுப்பினர்கள். இயக்கம் கேட்டது ஒன்பது தாலுகா: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். 1955-ல் வந்த அறிக்கை முதல் நான்கையும் செங்கோட்டையையும் ஒப்புக்கொண்டது. செங்கோட்டையிலும் முழுதும் வரவில்லை. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

இதில் நான் பிறந்த பக்கம் நின்றுபோன பக்கம். பாறசாலைப் பகுதியில் இயக்கத்தை நடத்தி அடியும் சிறையும் பட்ட ஏ. குஞ்சன் நாடார் போன்றவர்களின் உழைப்பு விளவங்கோட்டுக்கு விடுதலையாகவும் எங்களுக்குக் கிடைக்காத ஒன்றாகவும் முடிந்தது. கமிஷன் மொழிக் கணக்கைப் பார்த்தது, தாலுகாவை மொத்தமாகப் பார்த்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவை மொத்தமாக எடுத்தால் மலையாளம் பேசுபவர்களே அதிகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பாறசாலை, இஞ்சிவிளை, வெள்ளறடை, பனச்சமூடு என்று எல்லையை ஒட்டிய ஊர்களை எடுத்தால் ஒரே வீட்டில் அம்மாச்சி தமிழிலும் பேரன் மலையாளத்திலும் பேசுவார்கள். கணக்கெடுப்புக்கு வந்தவர் எந்தக் கட்டத்தில் எதை எழுதினார் என்பதை யார் போய்ப் பார்த்தார்கள்? வழக்கு ஆவணத்தால் தீர்மானமாகும் என்று தெரிந்த வக்கீல்கள் நடத்திய இயக்கம் அது. அந்த ஆவணம் உருவாகும் இடத்தில், கிராமத்து வீட்டு வாசலில், இன்னும் கொஞ்சம் முன்னதாகவே நின்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இது அவர்களைக் குறை சொல்வதற்கு அல்ல. 1951 கணக்கெடுப்பின்போது அந்த அளவுக்கு ஆட்களோ பணமோ அவர்களிடம் இல்லை.

நேசமணியின் கட்சி பிறகு காங்கிரஸில் கரைந்தது. 1962-லும் 1967-லும் நாகர்கோவில் அவரை மறுபடி டெல்லிக்கு அனுப்பியது. 1968 ஜூன் 1-ல் இறந்தார். அந்தக் காலி இடத்துக்கு 1969-ல் நடந்த இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தவர் காமராஜர். எங்கள் பக்கத்தில் நேசமணிக்குச் சிலை கிடையாது. ஆனால் குமரி மாவட்டப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயர் இருந்த காலத்தில், 1997-ல் தலைவர்கள் பெயரை எல்லாம் எடுக்கும் வரை, அவர் பெயரைத் தாங்கிய பஸ்கள் தினமும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ஓடின.

நான் தொழிலுக்கு வந்த வருஷங்களில் நெய்யாற்றின்கரையில் எங்கு பார்த்தாலும் நிலச் சீர்திருத்த வழக்குகள். 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்தது. குத்தகைக்காரர் நில டிரிப்யூனலில் மனுப் போட்டுப் பட்டயம் வாங்கினால் நிலம் அவர் பெயருக்கு. பஞ்சாயத்துப் பகுதியில், பிறர் நிலத்தில் குடியிருந்த குடிகிடப்புக்காரருக்குப் பத்து சென்ட். அப்போது என்னிடம் வந்த ஒரு பெரியவரின் காரியத்தை இன்றும் மறக்க முடியவில்லை. ஒரே ஜென்மியிடமிருந்து, அதாவது நில உடைமையாளரிடமிருந்து, அவர் தகப்பனார் இரண்டு துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஒன்று இஞ்சிவிளைக்கு இந்தப்புறம், மற்றது அந்தப்புறம். இடையில் நடந்தால் சில நிமிஷம். இரண்டிலும் அதே மரச்சீனி, அதே தென்னை. இந்தப்புற நிலத்துக்குப் பட்டயம் வாங்கிக் கொடுத்தேன். அந்தப்புற நிலத்துக்கு? தமிழ்நாட்டுச் சட்டம் குத்தகைக்காரரை நினைத்தபடி வெளியேற்றாமல் காத்தது. நிலத்தை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கவில்லை. "ஒரே அப்பன் உழுத மண்ணு தானே சாறே" என்றார். எல்லைக்கோடு மொழியைப் பிரிக்கிறது என்றுதான் எல்லோரும் பேசினோம். ஒரு மனிதனை ஒரு வயலில் உடைமைக்காரனாகவும் அடுத்த வயலில் குத்தகைக்காரனாகவும் அது ஆக்கும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

வாரிசுரிமையில் இது இன்னும் கூர்மையாக வந்தது. எங்கள் பகுதியில் பாதிக் குடும்பங்கள் கிறிஸ்தவக் குடும்பங்கள். 1916-ம் வருஷத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. விதவைக்கு ஆயுள்வரை அனுபவம் மட்டும். 1951-க்குப் பிறகு இந்தச் சட்டம் செல்லுமா செல்லாதா என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் குழப்பம். சென்னை உயர்நீதிமன்றத்தில் 1970-களிலேயே இரண்டு விதமாகத் தீர்ப்பு வந்தது; முதலில் செல்லாது என்றும், பிறகு டிவிஷன் பெஞ்சில் செல்லும் என்றும். இரண்டும் குமரி மாவட்டத்துக்காரர்களைப் பற்றியவை.

1986 பிப்ரவரியில் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான், மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. தீர்ப்பு பத்திரிகையில் வந்த வாரம் என் ஆபீஸ் நிறைந்தது. வந்தவர்கள் பெண்கள் அல்ல. சகோதரர்கள். அப்பன் இறந்து இருபது வருஷமாகிவிட்டது, தங்கச்சியை மார்த்தாண்டத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று, சீதனம் கொடுத்தாயிற்று, இப்போது அவள் கேஸ் போடுவாளா என்று கேட்டு வந்தார்கள். அடுத்த அலையாகத் தகப்பன்மார் வந்தார்கள், உயில் எழுத. மகளுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதச் சொன்ன தகப்பனிடம், அவள் பெயரை எழுதி ஏதாவது ஒன்றை எழுதுங்கள், இல்லாவிட்டால் இந்த உயிலையே அவள் சந்தேகிக்க வழி வைக்கிறீர்கள் என்று சட்டத்தைச் சொல்லியே பேசுவேன். பலர் எழுதினார்கள். ஐந்து சென்ட், பத்து சென்ட், கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை.

பெண்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். முதலில் வந்தவர் எல்லைக்கு அந்தப்புறம் வாழ்க்கைப்பட்ட ஒரு ஆசிரியை. அண்ணன்மாரோடு பேச்சு நிற்கும் என்று தெரிந்தே வந்தார். சொத்து இந்தப்புறம், சாட்சிகள் அந்தப்புறம், தகப்பனாரின் இறப்புச் சான்று அந்தப்புறத்துப் பஞ்சாயத்தில். குழித்துறை வக்கீல் ஒருவரோடு சேர்ந்து அந்த வழக்கை நடத்தினேன். அப்போதெல்லாம் வேறு மாநில பாரில் இருப்பவர் அங்கே ஆஜராக உள்ளூர் வக்கீலோடு சேர வேண்டும். இந்தியா முழுக்கத் தொழில் செய்யலாம் என்ற பிரிவு 2011-ல்தான் அமலுக்கு வந்தது. வழக்கு முடிய ஒன்பது வருஷம் ஆனது. பங்கு கிடைத்தது. கடைசி நாளில் அவருடைய மூத்த அண்ணன் கோர்ட் வராந்தாவில் அவரிடம் வந்து, "பிள்ளே, வீட்டுக்கு வந்துட்டுப் போ" என்று கூப்பிட்டார். அவர் போனார்.

தாய்வழியில் சொத்து இறங்கும் மருமக்கள்வழிக் குடும்பங்களின் பாகப் பிரிவினை வழக்குகள் வேறொரு உலகம். நாயர் சட்டம் 1925-லும் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் அடுத்த வருஷமும் வந்ததும் தறவாடுகள் என்ற கூட்டுக் குடும்பங்கள் உடைந்தன, கோர்ட்டுகள் நிறைந்தன. கோர்ட்டிலேயே வாழ்ந்து முடிந்த அந்த மனிதர்களை ஜெயமோகன் எழுதி மதுபால் எடுத்த 'ஒழிமுறி' மலையாளப் படத்தில் 2012-ல் பார்த்தேன். அதில் வருபவர்களைப் போன்றவர்களுக்கு நான் வழக்காடியிருக்கிறேன்.

1995-ல் பஞ்சாயத்துராஜ் சட்டத்தின்கீழ் முதல் தேர்தல் வந்தபோது என்னை நிற்கச் சொன்னார்கள். ஏன் வக்கீலைத் தேடுகிறார்கள் என்று அதுவரை வெளியிலிருந்தே பார்த்தவன், உள்ளே போனபோது காரணம் தெரிந்தது. கட்சி சம்பளம் கொடுக்க வேண்டாம். தினமும் டவுனுக்குப் போகிறவர். போலீஸ் ஸ்டேஷனில் உட்காரச் சொல்வார்கள். மனு எழுதத் தெரியும். முக்கியமாக, அவருக்கு ஒரு ஆபீஸ் இருக்கிறது, அதில் ஒரு பெஞ்சு இருக்கிறது, யார் வந்தும் உட்காரலாம். எங்கள் பக்கத்தில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் சாதியும் சபையும் கணக்கில் வரும். இந்து நாடார் எத்தனை, சி.எஸ்.ஐ. எத்தனை, லத்தீன் கத்தோலிக்கர் எத்தனை, நாயர் எத்தனை என்று வார்டு வார்டாக எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தக் கணக்குக்கு மேல் ஒரு நூறு இருநூறு ஓட்டு கொண்டுவர வேண்டும் என்றால், எல்லா வீட்டுப் பையையும் பிரித்துப் பார்த்தவர் தேவை.

அடுத்த வருஷம் மக்கள் திட்டம் வந்தது. மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு என்றார்கள். கிராமசபை கூடியபோது, அதுவரை வக்கீல் ஆபீஸுக்கு வெளியே வாய் திறக்காத பெண்கள் எழுந்து நின்று கிணறு வேண்டும், நடைவழி வேண்டும் என்றார்கள். என் வார்டில் ஒரு நடைவழிக்காக இரண்டு குடும்பம் பதினைந்து வருஷம் கோர்ட்டில் நின்றது. ஒரு பக்கத்து வக்கீல் நான். கிராமசபையில் அந்த நடைவழியைப் பஞ்சாயத்து வழியாக்கத் தீர்மானம் வந்தபோது எதிர்க்கட்சிக் குடும்பமும் இரண்டடி விட்டுக் கொடுத்தது. கோர்ட்டில் ஒருவர் ஜெயிக்க மற்றவர் தோற்க வேண்டும். இங்கே இரண்டு பேரும் அந்த வழியில் நாளைக்கு நடக்க வேண்டும் என்பதை எல்லோர் முன்னாலும் பேச முடிந்தது. அரசியலில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான். ஒரு தவணையோடு விலகி மறுபடி கோர்ட்டுக்கே வந்தேன். கட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள், பஞ்சாயத்துக் கூட்டமும் கேஸ் வாய்தாவும் ஒரே நாளில் வந்துகொண்டிருந்தன.

அதற்குப் பிறகு தொழில் மாறிவிட்டது. நிலவழக்கு குறைந்து, தேசிய நெடுஞ்சாலை விபத்து இழப்பீடு, செக் வழக்கு, குடும்பநல வழக்கு என்று ஆனது. கட்சிகள் இப்போது வக்கீலைத் தேடி வருவதில்லை. மாணவர் அமைப்பிலிருந்தும் சமுதாய அமைப்புகளிலிருந்தும் ஆளெடுக்கின்றன. வக்கீலுக்கும் நேரமில்லை, பெஞ்சு போட இடமுமில்லை. அதைக் குறையாக நான் சொல்லவில்லை. ஆனால் பையைப் பிரிக்கும் வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்று பார்த்தால், யாருமில்லை. அக்ஷயா மையத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைப் பதிந்து கொடுக்கிறாள். அவளிடம் ஒற்றிச் சீட்டைக் காட்டிக் கேட்க முடியாது.

எல்லைப் பிரச்சினைகளோ தீரவில்லை. நெய்யாறு இடதுகரைக் கால்வாய்த் தண்ணீரை நம்பி விளவங்கோட்டில் 9,200 ஏக்கர் கிடந்தது. 2004-ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. அணை எங்கள் பக்கத்தில், காய்ந்த வயல் எங்கள் சம்பந்திகளுடையது. கல்யாண வீட்டில் இதைப் பற்றிப் பேசினால் பந்தி அமைதியாகிவிடும். கிரிமினல் வழக்கிலும் இதே நிலை. சில வருஷங்களுக்கு முன் பாறசாலைப் பக்கத்து இளைஞர் ஒருவர் நஞ்சு கொடுக்கப்பட்டு இறந்த வழக்கில், கொடுத்தது தமிழகத்தில், இறந்தது திருவனந்தபுரத்தில். எந்த மாநிலப் போலீஸ், எந்தக் கோர்ட் என்ற கேள்வியை நாடே கேட்டது. செயல் ஓரிடத்திலும் விளைவு வேறிடத்திலும் என்றால் இரண்டு இடத்திலும் விசாரிக்கலாம் என்ற பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ம் பிரிவு எங்களுக்குச் சட்டக் கல்லூரிக்கு முன்பே தெரிந்த விஷயம்.

மொழி உரிமையும் அப்படித்தான். 1969-ம் வருஷக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்கிறது. எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் அதைப் பயன்படுத்தியவர்கள் மிகக் கொஞ்சம். உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சொல்லி மனு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும்.

அதனால்தான் நெய்யாற்றின்கரையிலும் குழித்துறையிலும் உள்ள இளம் வக்கீல்களிடம் சில வருஷங்களாக ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு தாலுகாவிலும் சட்டப்பணிக் குழு இருக்கிறது. இரண்டு குழுவும் சேர்ந்து மாதத்தில் ஒரு நாள், சந்தை நாளாகப் பார்த்து, களியக்காவிளையில் ஒரு மேஜை போடட்டும். இந்தப்புறத்துச் சட்டம் தெரிந்த ஒருவர், அந்தப்புறத்துச் சட்டம் தெரிந்த ஒருவர், பழைய ஆதாரம் படிக்க என்னைப் போன்ற ஒரு கிழவர். தமிழ்நாட்டு ரீசர்வே எண்ணையும் திருவிதாங்கூர்ப் பழைய சர்வே எண்ணையும் ஒப்பிடும் பதிவேட்டின் நகல் ஒன்று அந்த மேஜையில் இருந்தால், வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டு தாலுகா ஆபீஸுக்கும் அலைய வேண்டாம். குழித்துறையில் மூன்று பேர், நெய்யாற்றின்கரையில் இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள். விண்ணப்பத்தைத் தமிழில் ஒன்றும் மலையாளத்தில் ஒன்றுமாக எழுதி இரண்டு குழுவுக்கும் அனுப்பியிருக்கிறோம்.